அக்கா வாசிக்காமல் விட்ட சுரங்கள்

மினிமலிசம் என்ற சொல்லை யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் நாலு நாற்காலியைக் குறைத்து, சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வரும், அது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ இசைக்காரர் ஒருவரை எடுத்துவைத்துக்கொண்டு, "யோசிச்சுப் பார்த்தா அவரே ஒரு மினிமலிஸ்ட்தான்" என்று படித்தவர்கள் ஆரம்பித்தால், என்னால் அங்கே உட்கார முடியாது. அந்த வாதத்தை நான் முதன்முதலில் கேட்டது சிரம்பானை ஒட்டிய ராசாவில், பியானோ டீச்சர் ஒருவரின் வீட்டு முன்னறையில். எண்பதுகளின் நடுப்பகுதி. அந்த வாதத்துக்குச் சாட்சியாக வாசித்துக்கொண்டிருந்தவள் என் அக்கா.

நாங்கள் இருந்தது லிங்கி ஆற்றுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா இறந்த பிறகு வீட்டில் மூன்று பேர்: நெஞ்சுச் சளியோடு படுத்தே கிடந்த அம்மா, ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்த நான், இருபது தாண்டிய அக்கா. தோட்டத்துச் சட்டம் எளிமையானது. குடும்பத்தில் ஒருவராவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் லயத்தில் வீடு உண்டு, கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டிருந்த காலம் அது. பால் வெட்டு வேலை இல்லை. பெண்களுக்கென்று இருந்தது மருந்தடிக்கும் வேலை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, செம்பனை வரிசைகளுக்கு நடுவில் களைக்கு மருந்தடித்துக்கொண்டே போக வேண்டும். அக்கா அதில் சேர்ந்தாள்.

மருந்து என்று நாங்கள்தான் சொன்னோம். அது விஷம். பால்டின்னில் மொண்டு ஊற்றி, கையை விட்டுக் கலக்குவார்கள். கையுறை கேட்டவளை, எங்களை மேய்க்கும் மண்டோர், "நீ என்ன டாக்டரா?" என்று கேட்டுச் சிரித்தான். பம்பு ஒழுகும். முதுகு நனையும். அது அடித்த இடத்தில் மறுநாள் புல் பழுத்து, அதற்கடுத்த நாள் கருகிக் கிடக்கும். அந்தக் கருகலைப் பார்த்துக்கொண்டேதான் நான் பள்ளி பஸ்ஸுக்குப் போவேன்.

மருந்தடிக்கிறவளுக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் ஒரு பியானோ கிடந்தது. பழைய வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. அதில் அக்கா சின்ன வயதிலேயே ஞானப்பாடல்களைக் காதால் கேட்டு விரலால் தேடிப் பிடித்துவிடுவாள். மாதத்துக்கு ஒரு தடவை பூசைக்குச் சாமியாரோடு சிரம்பானிலிருந்து வந்த டீச்சர் இவளைப் பார்த்தார். தமிழ்க் கிறிஸ்தவர், கணவர் இல்லை, ராசாவில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுப்பவர். "இந்தக் கைய இப்படி விடக்கூடாது" என்று சொல்லி, சனிக்கிழமை தோறும் வரச் சொல்லிவிட்டார். அக்காவைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. அதனால் நானும் போவேன், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு.

அப்பா இறந்த வருஷம் டீச்சர் அக்காவிடம் ஒரு விஷயம் சொன்னார். "எங்கிட்டப் புள்ளைங்க கூடிப்போச்சு. எனக்கு ஒரு ஆள் வேணும். நீ பியானோவுல அந்தப் பெரிய கிரேட் பரீட்சை மட்டும் பாஸ் பண்ணிடு. டவுனு ஜனங்க சர்டிபிகேட் இல்லாம புள்ளைய அனுப்பமாட்டாங்கலா. பாஸ் பண்ணினா இங்கேயே வேலை. பின்னால இருக்கிற ரூம்ல உங்கம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிட்டு வந்து இருந்துக்கோ."

அவ்வளவுதான். அந்த ஒரு பரீட்சை பாஸானால் தோட்டத்தை விட்டு வெளியேறிவிடலாம். மருந்தை, மண்டோரை, கருகிய புல்லை எல்லாம் விட்டுவிடலாம். பரீட்சை வரைக்கும் மருந்தடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு போய்விடும். மருந்தடிக்கிற அந்தக் கைதான் பரீட்சையிலும் வாசிக்க வேண்டும். இதில் உள்ள கோணல் எனக்கு அந்த வயதிலேயே புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்கும், ஆனால் அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள்.

டீச்சரிடம் அக்கா ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாள். தோட்டத்து ஆயாக்கொட்டகையில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாக. "மருந்தடிக்கிறவன்னு தெரிஞ்சா அந்தப் பியானோவத் தொட விடுவாங்களா? அதே கட்டையிலதான டவுனு புள்ளைங்களும் கை வைக்குதுங்க?" என்பாள். என்னை அம்மா தலைமேல் சத்தியம் பண்ணச் சொன்னாள். நானும் செய்தேன்.

பரீட்சைக்கு வைத்திருந்த பாடங்களில் ஒன்றுதான் அந்த இசைக்காரருடையது. ஒரே பக்கம். இசை தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம். வலது கை ஒரு சுரத்தில் நிற்கும், பக்கத்துச் சுரத்துக்குப் போகும், திரும்பி வரும். அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். இடது கை மூன்று கட்டைகளைச் சேர்த்து ஒரே தாளத்தில் மெதுவாக அமுக்கிக்கொண்டிருக்கும். முதல் தடவை கேட்டபோது, என்னடா இது, ஆரம்பிக்கவே மாட்டேன் என்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. கவனித்துக் கேட்டால்தான் தெரியும், அந்த மூன்று கட்டைகளில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு தடவையும் ஒரு படி கீழே இறங்கியிருக்கும். எது இறங்கியது என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்தது இறங்கிவிடும்.

டீச்சரின் மகன் அந்த வருஷம்தான் சீமையில் படித்துவிட்டு வந்திருந்தான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாய் ஓயாது. கொண்டுவந்த கேசட்டுகளை எங்களுக்குப் போட்டுக் காட்டினான். நாலே சுரம், அதுவே சுற்றிச் சுற்றி வந்தது. "டேப்பு சிக்கிக்கிச்சாண்ணே?" என்று நான் கேட்டேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அவன் கோபப்படவில்லை. "இதுக்குப் பேரு மினிமலிசம். கொஞ்சத்தை வச்சுக்கிட்டு, அதையே திரும்பத் திரும்ப, மெதுவா மாத்துறது" என்று விளக்கினான். பிறகு அக்காவின் புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தில் விரலை வைத்தான். "இவரு இதை அப்பவே செஞ்சுட்டாரு. மேல ரெண்டு நோட்டு, கீழ மூணு கட்டை சேர்ந்த ஒரே கார்ட். இது மினிமலிசம் இல்லாம வேற என்னம்மா?"

டீச்சர் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார். "ஒரு பக்கம் அமைதியா எழுதிட்டா ஆள் ஊமைன்னு அர்த்தமாடா? அவரோட மத்ததெல்லாம் பாரு, நோட்டு கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. பத்து விரல் பத்தாது. இதுல அவரு அடக்கிக்கிட்டு இருக்காருலா. அடக்கிக்கிறதும் இல்லாம இருக்கிறதும் ஒண்ணா?"

"கேக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"போடா. உன் கேசட்டுல ஒரு நோட்டு மாறினா, ஓ மாறிச்சேன்னு காது சொல்லும். இதுல மாறினா நெஞ்சு பகீர்னுது. கீழ என்னமோ எறங்குது, எங்க போய் நிக்கும்னு தெரியல. அந்தப் பயம்தான் பாட்டே. பயத்த விட்டுட்டு நோட்ட எண்ணிக்கிட்டு இருக்கே நீ."

டீச்சர் சொன்னதுதான் சரி என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. இசை தெரிந்து சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது அதேதான். தினமும் அதே பிரட்டு, அதே பம்பு, சாயங்காலம் கிணற்றடியில் அதே குளியல். ஒரு நாள் அக்காவின் கட்டைவிரல் நகம் மஞ்சளாகியிருந்தது. கொஞ்ச நாள் கழித்து நகத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் மூக்கிலிருந்து ரத்தம் வந்து அவள் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஒரு களிம்பு கொடுத்தார். "வேற வேல போட்டுக் குடுங்க சார்" என்று நான் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான்மா இருக்கு, பழகிடும்" என்றார். பழகிடுமாம்! அவருடைய நகம் அழகாக வெட்டியிருந்தது.

அக்கா நெயில் பாலிஷ் வாங்கினாள். நல்ல சிவப்பு. சனிக்கிழமை காலையில் பத்து விரலுக்கும் தடவிக்கொண்டு பஸ் ஏறினாள். லயத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள், டீச்சர் வீட்டில் ஒரு வாலிபன் வந்திருக்கிறான் அல்லவா, அதற்குத்தான் இந்த மினுக்கல் என்று. அப்புறம் இடது கைச் சுண்டுவிரல் நகம் கழன்று வந்துவிட்டது. பாலிஷ் தடவ நகமே இல்லை, பிளாஸ்டர் சுற்றிக்கொண்டாள். குழந்தையின் பால் போத்தல் உடைந்து குத்திவிட்டது என்று டீச்சரிடம் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமைதான் முதல் சுரம் போனது. இடது கையின் அடிச்சுரம். சுண்டுவிரல் அமுக்க வேண்டியது. மூன்று கட்டை இருந்த இடத்தில் இரண்டுதான் கேட்டது.

"ஏம்மா கீழ் நோட்ட விட்டுட்ட?" என்றார் டீச்சர்.

"இப்படி வாசிச்சா நல்லா இருக்கு டீச்சர்."

மகன் துள்ளி எழுந்தான். "பாத்தியாம்மா! அவங்க எடுத்துட்டாங்க, பாட்டு விழுந்துச்சா? நிக்குதுல்ல! எடுக்க எடுக்க நிக்குதுன்னா, அது உள்ளுக்குள்ள மினிமலிசம்தானே?" அக்காவைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குங்க, இன்னும் கொறைச்சுப் பாருங்க" என்றான். இன்னும் குறைக்கச் சொன்னான், பாவி!

பஸ்ஸில் நான் அக்காவிடம் சண்டை போட்டேன். "அவனுக்குத்தான் தெரியாது, நீ ஏன் தலையாட்டுற?"

"கத்தாதடி, பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். விரல் வலிக்குதுன்னு சொல்லேன். வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவன் என்னமோ பேரு சொல்றான்ல, அது எனக்கு வசதியா இருக்கு. இருந்துட்டுப் போவட்டும்."

அதற்குப் பிறகு சுரங்கள் போய்க்கொண்டே இருந்தன. நடுவில் இருந்தது போயிற்று. வலது கையில் ராகத்துக்கு அலங்காரமாக வரும் சின்னச் சுழிப்பு போயிற்று. ஒரே ஓர் இடத்தில் அந்த இசைக்காரர் அடக்கிவைத்ததையெல்லாம் உடைத்துக்கொண்டு சத்தமாக வருவார். அந்த இடத்தையும் அக்கா மெல்லவே கடந்துபோனாள். என்ன கொடுமை என்றால், கேட்க நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், உடம்பு சிலிர்க்கும். வெறும் எலும்பாக நின்றது அந்தப் பாட்டு. வாதத்தில் விட்டுக்கொடுக்காத டீச்சர்கூட ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இவன் சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கும் போல" என்றார். மகன் இரண்டு கையையும் தூக்கி ஜெயித்துவிட்டதாகக் காட்டினான். என் அக்கா அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தாள், இவர்கள் அம்மாவும் பிள்ளையுமாக அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள். சத்தியம் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே அந்தக் கேசட்டையெல்லாம் சாலையில் விட்டெறிந்திருப்பேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் கண்டிப்பாகச் சொன்னார். "எங்கிட்ட எப்படி வேணா வாசி. பரீட்சை வைக்கிற வெள்ளைக்காரர் முன்னால புத்தகத்துல இருக்கிறத வாசி. எல்லா நோட்டும் வேணும்." அக்கா சரி என்றாள். அந்த வாரம் முழுக்கக் கோயில் பியானோவில் உட்கார்ந்து இடது கையை மட்டும் அமுக்கிப் பார்த்தாள். கட்டையில் கையை வைத்துவிட்டுக் குனிந்து விரல்களையே பார்ப்பாள். புத்தகத்தைப் பார்க்கவே மாட்டாள். எதற்கு அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பரீட்சை சிரம்பானில் ஒரு பள்ளிக்கூட அறையில். காலை நேரம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே வாசிப்பது கேட்டது. முதலில் ஒரு வேகமான பாடம். தடுக்கித் தடுக்கிப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் அது. வலது கை ஆரம்பித்தது. இடது கைக்காக நான் காத்திருந்தேன். எப்போதாவது ஒரு கட்டை ஒலித்தது, பிறகு அதுவும் இல்லை. மேலே ஒற்றைச் சுரம் மட்டும் நின்று, பக்கத்துச் சுரத்துக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெண் ஒருத்தி தன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதவையே பார்த்தாள்.

அக்கா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. நான் அவளை வாசல் மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "என்ன சொன்னாரு?"

"மறுபடி வாசிக்கச் சொன்னாரு. புத்தகத்துல இருக்கிற மாதிரி."

"நீ?"

"எனக்கு இப்படித்தான் புடிக்கும்னு சொன்னேன்."

"ஐயோ அக்கா! கையக் காட்டியிருக்கலாம்ல! அந்த ஆளு என்ன, மனுஷன் இல்லையா?"

"கையக் காட்டினா இவ நோயாளின்னு தெரிஞ்சிடும்டி. இப்ப திமிரு புடிச்சவன்னுதான் நெனைப்பாரு. திமிரு புடிச்சவ அடுத்த வருஷம் திருந்தி வரலாம்ல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. திங்கட்கிழமை வழக்கம் போலப் பிரட்டுக்குப் போனாள்.

முடிவு வந்தது. பெயில். டீச்சருக்கு வந்த கோபம் எல்லாம் மகன் மேல்தான். அவனுடைய தத்துவத்தைக் கேட்டுத்தான் பெண் கெட்டுப்போனாள் என்று திட்டி, அவனையே காரோட்டச் சொல்லி, இரண்டு பேருமாகத் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள். பள்ளி விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். கார் சத்தம் கேட்டு நான் வெளியே ஓடுவதற்குள் டீச்சர் ஆயாக்கொட்டகை வாசலில் நின்று அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டார்.

"அந்தப் புள்ளயா? அது எங்கம்மா இங்க இருக்கு? மருந்தடிக்கிற கேங்குலல்ல இருக்கு" என்றாள் ஆயா.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். செம்மண் சாலையில் மருந்தடிக்கும் பெண்கள் வேலை முடிந்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முகத்தில் துணி கட்டி, முதுகில் பம்போடு. எல்லாரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். அதில் ஒருத்தி நின்றுவிட்டாள்.

டீச்சர் அந்த வயதிலும் ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். மகன் பின்னால் போனான். அக்கா முகத்துணியை இறக்கினாள். ஓடி ஒளியவில்லை. டீச்சர் அவள் கைகளைப் பார்த்தார். பாலிஷ் இல்லாமல் அந்தக் கைகளை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நகங்கள் பாதிக்கு மேல் இல்லை. தோல் வெடித்து உரிந்துகொண்டிருந்தது. மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. காரை நோக்கித் திரும்பி நடந்துவிட்டான். இத்தனை மாதமாக எதைக் கேட்டு ரசித்தோம் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் கத்துவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"ஏன்டிம்மா எங்கிட்டச் சொல்லல?" என்று டீச்சர் அந்த இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். மருந்து அவர் சேலையில் ஒட்டியது. "சர்டிபிகேட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். டவுனு ஜனங்கள நான் பாத்துக்கிறேன். இன்னிக்கே அம்மாவக் கூட்டிட்டுக் கெளம்பு. சின்னப் புள்ளைங்களுக்கு அஞ்சு நோட்டு சொல்லிக் குடுத்தாப் போதும்லா. அத உன்னால செய்ய முடியாதா? இந்தக் கையால முடியாதா?"

அக்கா தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். கோயில் பியானோவில் பார்த்தாளே, அதே பார்வை.

"நீங்க புடிச்சிருக்கிறத கண்ணால பாக்குறேன் டீச்சர்" என்றாள். "கைக்குத் தெரியல."

டீச்சர் விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தார். "இப்ப?" என்றார். அக்கா இல்லையென்று தலையாட்டினாள். இன்னும் அழுத்தினார். "இப்ப? இப்ப தெரியுதா?" என்று கேட்டார். அதற்கும் அக்கா இல்லையென்றே தலையாட்டினாள். மற்றப் பெண்கள் எங்களை விட்டு ஒதுங்கி நடந்து லயத்துக்குப் போய்விட்டார்கள். டீச்சர் அங்கேயே நின்று, "இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.